தூர் மண்ணில் இருக்கும்வரை கருவை போகாது

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதன்பின் யாரும் ஏர் பூட்டவில்லை, இன்று முழுக்கக் காட்டுக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். நான் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டேன். ஆன்லைனில் 58 சிசி, 22 இன்ச் செயின்சா வாங்கி நானே வெட்ட ஆரம்பித்தேன். ஏழெட்டு மரம் வெட்டியதும் அது அறுக்காமல் புகைய ஆரம்பித்துவிட்டது. போன வாரம் ஒரு கிளையை அறுக்கும்போது மெஷின் திடீரென்று முகத்தை நோக்கித் துள்ளியது. நல்லவேளை, இறங்கும்போது கைலி மட்டும் கிழிந்தது. இனி அதைத் தொடவே கூடாது என்கிறார் மனைவி. கரி வியாபாரி ஒருவர், "மொத்தமாகக் குத்தகைக்கு விடுங்கள், காட்டைச் சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்கிறார். மெஷினைச் சரிசெய்வதா, ஜேசிபி வைப்பதா, வியாபாரியிடம் விடுவதா? விறகாக விற்பது நல்லதா, கரியாகவா?

பதில்: தம்பி, உங்கள் மனைவி பயந்தது சரி. முப்பது வருடமாக மரம் வெட்டும் மெஷின்களைப் பழுதுபார்ப்பதும், வெட்டும் ஆட்களுக்குப் பழக்கிக் கொடுப்பதும்தான் என் தொழில். அந்தத் துள்ளலில் முகமும் கழுத்தும் கிழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கைலியோடு போனது. நான் சொல்லப்போகும் வேலை வரிசையில், நிற்கிற மரத்தில் நீங்கள் செயின்சா வைக்கவேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. அதை அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்.

மெஷின் ஏன் துள்ளியது? சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டைதான் பார். அதன் நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால், ஓடுகிற சங்கிலி மரத்தைக் கடித்துக்கொண்டு மெஷினையே பின்னுக்கும் மேலுக்கும் தூக்கி எறியும். சங்கிலி நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உங்களுக்குப் புரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கருவையில் இது அதிகம் நடக்கக் காரணம் உண்டு. ஒரே தூரிலிருந்து ஐந்தாறு தண்டு பின்னிக்கொண்டு எழும். நீங்கள் முன்னால் இருக்கும் தண்டை அறுத்துக்கொண்டிருப்பீர்கள், நுனி பின்னால் இருக்கும் தண்டில் இடிக்கும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் 22 இன்ச் பார் வைத்திருக்கிறீர்கள். பதினெட்டு வருடக் கருவையில் ஓரடிக்கு மேல் பருத்த தண்டு அரிது. உங்களுக்கு 16 இன்ச் பார் போதும், மிஞ்சினால் 18. நுனி எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ, அவ்வளவு தூரம் ஆபத்தும் நீளுகிறது.

முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதே, அதைக் கைக்குக் காவல் என்று மட்டும் நினைத்திருப்பீர்கள். அதுதான் பிரேக். மெஷினை ஓடவிட்டு, தகட்டை முன்னால் தள்ளிப் பாருங்கள். தள்ளியபின் சங்கிலி ஒரு பல் அளவுகூட நகரக்கூடாது. நகர்ந்தால் அந்த மெஷினை அன்றைக்குத் தொடாதீர்கள். இடது கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் போயிருக்க வேண்டும். மற்ற விரல்களோடு சேர்த்து மேலேயே வைப்பவர்கள்தான் அதிகம். துள்ளும்போது மெஷின் அவர்கள் கையைவிட்டே போய்விடும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. தலை, பார் ஓடும் நேர்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதுக்குப் பட்டது இதுதான்: நீங்கள் வெட்டிய அந்த ஏழெட்டு மரமும் இந்நேரம் துளிர்த்திருக்கும். போய்ப் பாருங்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு துளிர் நிற்கும். கருவையின் முளை மொட்டுகள் தண்டும் வேரும் சேருகிற கழுத்தில், மண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. தரைக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் அவை துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஆழத்தில் இருக்கும் வேருக்கு அந்தச் சக்தி அவ்வளவாகக் கிடையாது. அதனால் தரைமட்டத்துக்குக் கீழே முக்கால் அடி, ஓரடி வரை அந்தக் கழுத்தை, அதாவது தூரை, எடுத்துவிட்டால் அந்த மரம் முடிந்தது. மீதி வேரைத் தேடி ஓடவேண்டியதில்லை. 2017இல் கருவையை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு வந்தபோது நம் மாவட்டங்களில் எத்தனை பேர் அவசர அவசரமாகக் கருவையை வெட்டினார்கள்! தூர் எடுத்தவர் நிலம் இன்று உழவுக்காடு. தரையோடு அறுத்துவிட்டுப் போனவர் நிலம் முன்னைவிட அடர்ந்த முட்காடு.

அதனால் முதல் வேலை ஜேசிபிக்குத்தான், செயின்சாவுக்கு இல்லை. இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மரத்தை முதலில் தரையோடு வெட்டிவிட்டு, பிறகு தூர் எடுக்க ஜேசிபி கூப்பிடுகிறார்கள். அப்போது பிடித்துத் தள்ள அங்கே எதுவும் இருக்காது. ஓட்டுநர் பக்கெட்டால் மண்ணைக் கிளறிக் கிளறித் தூரைத் தேடுவார், வாடகை மணிக்கணக்கில் ஏறும். மரம் முழுசாக நிற்கட்டும். தண்டின் மேல்பகுதியில் பக்கெட்டை வைத்துத் தள்ளினால் மரமே நெம்புகோல் ஆகி, தூர் கழுத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். முள் மண்டி உள்ளே போக வழி இல்லை என்றால், ஓரக் கிளைகளை மட்டும் அரிவாளால் கழித்துக் கவைக்கம்பால் ஒதுக்குங்கள். நீங்கள் ஏற்கெனவே வெட்டிய மரங்களுக்கு மட்டும் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். உங்கள் பக்கம் கரிசல். மழை ஈரத்தில் ஜேசிபி இறங்கினால் புதையும். சித்திரை வெயிலில் மண் பாறையாக இறுகி, தூர் கழுத்தோடு வராமல் தண்டு ஒடிந்துகொண்டு வரும். தை கடைசியிலிருந்து மாசி வரை, மேல்மண் காய்ந்து அடியில் ஈரம் இருக்கும் அந்த ஐந்தாறு வாரம்தான் சரியான நேரம்.

வியாபாரி விஷயத்தில் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். கரி மூட்டம், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் தொழில், இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அவர் "சுத்தம்" என்று சொல்வதும் நீங்கள் "சுத்தம்" என்று நினைப்பதும் ஒன்றல்ல. அவர் ஆட்கள் தரைக்கு மேலே வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்று நாலு வருடத்தில் அது மறுபடி வெட்டுக்கு வரும், அவரும் மறுபடி வருவார். அவர் கணக்கில் அது காடு அழிப்பு இல்லை, அறுவடை. அவரோடு பேசுவதென்றால் இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள்: தூர் எடுத்துத் தருவது யார் செலவு, விறகுக்கு விலை மொத்தமாகவா டன் கணக்கிலா. மொத்தக் குத்தகை வேண்டாம். லாரி எடைமேடை ஏறட்டும், சீட்டு உங்கள் கைக்கு வரட்டும். தூரையும் தண்டையும் தனித்தனியே விலை பேசுங்கள். தூர்க்கட்டையில் வரும் கரி கெட்டியானது என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இன்னொன்று, உங்கள் பட்டா எல்லையைச் சர்வேயர் வைத்து அளந்து கல் நட்டபிறகே மெஷின் இறங்கவேண்டும். பக்கத்தில் கண்மாயோ ஓடையோ இருந்து புறம்போக்கில் ஒரு மரம் சாய்ந்தாலும், அது அரசாங்க மரம்.

செயின்சாவுக்கு வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. சாய்ந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவது. இதில் ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பிடுங்கப்பட்ட மரத்தில் ஒரு பக்கம் தூரும் மண்ணும் சேர்ந்த பெரிய கட்டி, மறுபக்கம் தண்டு. தண்டின் கனம்தான் அந்தக் கட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும். நீங்கள் தண்டை அறுத்த நொடியில் கட்டி மறுபடி குழிக்குள் சரியும், சில சமயம் அறுபட்ட அடித்தண்டு விசையோடு நிமிர்ந்து எழும். குழிக்குள் யாரும், முக்கியமாக விளையாடும் பிள்ளைகள், இல்லை என்று பார்க்காமல் அறுக்காதீர்கள். ஜேசிபி அங்கே இருக்கும்போதே ஒவ்வொரு மரத்தையும் குழியிலிருந்து இழுத்துத் தட்டையான இடத்தில் போடச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையும் அப்படித்தான், வில் மாதிரி. எந்தப் பக்கம் இழுபட்டு விறைப்பாக இருக்கிறது, எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறது என்று பார்த்து, அமுங்கிய பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்தில் மெதுவாக அறுத்து முடியுங்கள். மாற்றிச் செய்தால் கிளை பிளந்து முகத்தில் அடிக்கும்.

உங்கள் மெஷின் கெட்டுப்போயிருக்காது என்றே நினைக்கிறேன். சங்கிலியை ஒரு வெளிச்சமான இடத்தில் வைத்து, ஒரு பல்லின் வெட்டு முனையை மட்டும் உற்றுப் பாருங்கள். கூராக இருந்தால் முனையில் வெளிச்சம் நிற்காது. மழுங்கியிருந்தால் நூல் மாதிரி ஒரு வெள்ளைக்கோடு மின்னும். அறுத்த தூளும் சொல்லும்: கூரான சங்கிலி செதில் செதிலாகத் துப்பும், மழுங்கியது மாவு மாதிரி பொடி விடும். கட்டையை அறுத்து முடிக்கும்போது நுனி ஒரு நொடி தரையில் பட்டிருந்தால் போதும், கரிசல் மண்ணும் சரளையும் எல்லாப் பல்லையும் மழுக்கிவிடும். கருவைப் பட்டையின் வெடிப்புகளிலும் மண் அடைந்திருக்கும். கட்டைக்கு அடியில் இன்னொரு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வைத்து அறுங்கள். அதற்கு முன், சங்கிலியைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர் நுனியை நோக்கி இருக்கவேண்டும். புதிதாக வாங்குகிறவர்களில் இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வகை மெஷினில் பெரும்பாலும் .325 சங்கிலி வரும், அதற்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். 3/8 சங்கிலி என்றால் 5.5. பார் மேலேயே எழுதியிருக்கும். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. மூன்று நாலு இழுப்பு போதும். ஒரு பக்கம் அதிகம் தேய்த்தால் மெஷின் கோணலாக அறுக்கும். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் இரண்டு நிமிடம் அரம் போட்டால் நாள் முழுக்க அழுத்தாமல் அறுக்கலாம். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பதால்தான் கை சோர்ந்து பிடி தளர்கிறது.

அரம் போட்டும் புகைந்தால் சங்கிலிக்கு ஆயில் வரவில்லை என்று அர்த்தம். பழைய சிமென்ட் சாக்கு ஒன்றை விரித்து, ஒரு சாண் உயரத்தில் நுனியைக் காட்டிக் கொஞ்சம் வேகம் கொடுங்கள். சாக்கில் ஆயில் கோடு விழவேண்டும். விழவில்லை என்றால் பாரின் ஓட்டையும் பள்ளமும் தூள் அடைத்திருக்கும், கம்பியால் சுரண்டி எடுங்கள். வண்டியில் இறக்கிய கழிவு ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் இரும்புத்தூள் இருக்கும், பம்பைத் தின்றுவிடும். கையிலும் உடம்பிலும் தெறிக்கும் அந்த ஆயில் தோலுக்கும் கெடுதல், வருடக்கணக்கில் பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியது. பெட்ரோலில் 2டி ஆயில் கலப்பதைக் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

கைலியோடு இனி அந்த வேலைக்குப் போகக்கூடாது. கனமான ஜீன்ஸ், முன்புறம் இரும்புத் தொப்பி உள்ள பூட்ஸ், காதடைப்பு. கருவை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் முறிந்து நின்றால் வாரக்கணக்கில் வீங்கும். டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதருக்குள் கை விடுமுன் கம்பால் தட்டுங்கள், சுருட்டை விரியன் உங்கள் பக்கத்தில் உண்டு.

எல்லாவற்றையும்விடக் கண். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கருவைக் கிளை கண்ணில் உரசியது. லேசான சிவப்புதானே என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி நாலு நாள் விட்டார். செடி கொடி, முள், மரத்தூள் பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வருவது நம் தென்மாவட்டங்களில் மிகச் சாதாரணம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு அந்தப் பூஞ்சைக்குத் தீனி போட்ட மாதிரி. அவர் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்து, அந்தக் கண்ணில் இன்று வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. வலைக் கவசமும் அதற்குள் கண்ணாடியும் போடுங்கள். மீறிப் பட்டுவிட்டால் தாய்ப்பால், எண்ணெய், கடைச் சொட்டு எதுவும் வேண்டாம். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி.

விறகா கரியா என்று கேட்டிருந்தீர்கள். பச்சை மரத்தின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். செங்கல் சூளைக்கோ பேக்கரிக்கோ விற்றால் அவர்கள் ஈரத்துக்குக் கழிப்பார்கள். துண்டு போட்டுப் பிளந்து, தரையில் படாமல் குறுக்குக்கட்டை மேல் காற்றோட்டமாக அடுக்கினால், பங்குனி சித்திரை வெயிலில் இரண்டு மாதத்தில் நன்றாகக் காய்ந்துவிடும். கட்டையின் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடி, இரண்டு கட்டையைத் தட்டினால் 'டண்' என்று கேட்கவேண்டும். பச்சையில் பிளப்பது சுலபம், காய்ந்த கருவை கோடாலியைத் திருப்பி அனுப்பும். சுள்ளியும் மெல்லிய கிளையும் சூளைக்கோ பயோமாஸ் மின்நிலையத்துக்கோ போகும்.

கரிக்கு, மண் மூட்டத்தில் நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி. அதனால் ஒரு டன் கரி விலை ஐந்து டன் விறகு விலையைத் தாண்டி, மூட்டக் கூலியையும் கட்டுமா என்று அன்றைய சந்தை விலையில் கணக்குப் போடுங்கள். கட்டினாலும் முதல் மூட்டத்தை நீங்களே போடாதீர்கள், தெரிந்த ஆளைக் கூலிக்கு வையுங்கள். பக்கத்தில் இருந்து புகையைப் பாருங்கள். முதலில் அடர்ந்த வெள்ளை, அது தண்ணீர். பிறகு மஞ்சள் கலந்து கண் எரியும். கடைசியில் மெல்லிய நீலமாகி, மூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மரம் தெரிகிற அளவு தெளியும். அந்த நேரத்தில் துளைகளை அடைக்கத் தவறினால் கரி சாம்பலாகிவிடும். ராக்காவல் இருப்பவர் அந்த அறிகுறிக்காகத்தான் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மூட்டத்தின் மேல் ஏறக்கூடாது, உள்ளே வெந்து குழிந்திருக்கும், கால் உள்ளே போய்விடும். காற்று இறங்கும் பக்கம் படுத்துத் தூங்கினால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும். பிரித்த கரியை ஒரு நாளாவது திறந்த வெளியில் ஆறப்போட்டு லாரி ஏற்றுங்கள். ஆறாத கரி சாக்குக்குள் தானாகத் தீப்பிடிக்கும்.

கடைசியாக நான் உங்களிடம் கேட்கவேண்டியது: நாலு ஏக்கரிலும் நீங்கள் விவசாயம் பார்ப்பீர்களா? 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டதிலிருந்து இந்த மரம் பரவியது ஆளில்லாத நிலத்தில்தான். சுத்தம் செய்துவிட்டு மறுபடி நிலத்தைச் சும்மா போட்டால் செலவழித்த பணம் இரண்டே வருடத்தில் முள்ளாக நிற்கும். என் யோசனை, இந்த வருடம் பாதையோரம் ஒன்றரை ஏக்கரில் மட்டும் தூர் எடுங்கள். மீதியில் நிற்பதை விறகுத் தோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தூருக்கு ஒன்றிரண்டு நல்ல தண்டை விட்டு மற்றதைக் கழித்தால் அவை பருத்து, அடுத்த வருடச் செலவுக்கு உதவும்.

தூர் எடுத்த நிலத்தைக் கோடை உழவு போட்டுப் புரட்டி, கையில் அகப்படும் வேரைப் பொறுக்குங்கள். முதல் வருடம் மிளகாய் வேண்டாம். சோளம் நெருக்கமாக விதையுங்கள், நிழல் கட்டிக் கருவை முளையை அமுக்கும். எருவுக்கென்று ஆட்டுக்கிடை போடுவதானால் ஆடு எங்கே மேய்ந்து வந்தது என்று கீதாரியிடம், அதாவது கிடை ஆட்டுக்காரரிடம், கேளுங்கள். கருவை நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாகாது, தோடு இளகிப் புழுக்கையோடு விழுந்து முன்னைவிடச் சுலபமாக முளைக்கும். எருவுக்குக் காசு கொடுத்துக் கருவையை விதைத்தவர்களை எனக்குத் தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதை இன்னும் சில வருடம் முளைக்கத்தான் செய்யும். ஐப்பசி மழை விட்டதும் வரிசைக்குள் நடந்து பாருங்கள். விரல் உயரத்தில் சின்ன இலையோடு நிற்கும், ஈரமண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வரும். கார்த்திகையில் ஒருமுறை, தை பிறக்குமுன் ஒருமுறை அதையே செய்யுங்கள். அந்த வேலைக்கு உங்கள் மனைவியும் தயங்காமல் கூட வருவார்.